அம்மா சொன்னதாக நீ சொன்னது

இதை நீ வாசிக்கப் போவதில்லை. யாழினி வாசிக்க, நீ கேட்கப் போகிறாய். உனக்குத் தமிழ் புரியும், பேசவும் ஓரளவு வரும், எழுத்துதான் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இந்தியும் படித்தாய். தமிழ் கற்றுத் தருகிறேன் என்று நான் உட்கார்ந்த இரண்டு கோடை விடுமுறைகளும் சண்டையில் முடிந்தன. ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். அலுவலகத்துக்கு முப்பது வருடமாக ஆங்கிலத்தில் எழுதி எழுதி, அந்த மொழியில் எனக்கு மறுப்பும் விளக்கமும்தான் வருகின்றன. அதனால் தமிழில் எழுதுகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற திருச்சிப் பெண் உனக்குப் படித்துக் காட்டட்டும். யாழினி, உனக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் கடுமையாக ஏதாவது வந்தால் கடுமையாகவே படி. நடுவில் நிறுத்தி, மாமா சும்மா சொல்கிறார் என்று எதையும் சேர்க்காதே. எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைச் செய்தவன் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் அதை எப்படிச் செய்தான் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வந்திருந்தீர்கள். ஹைதராபாத்தைக் குறுக்கே கடந்து கச்சிபௌலியிலிருந்து நாச்சாரம் வருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது என்று வந்ததும் சொன்னாய், கிளம்பும்போதும் சொன்னாய். பில்டர் கொடுத்த ஒப்பந்தத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாய். இந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவார்கள், அதில் நமக்கும் பங்கு உண்டு, நான் இனிமேல் உங்களோடு இருப்பேன். தையில் கல்யாணம், சங்கராந்தி முடிந்ததும் இடிப்பு. நான் காகிதத்தைத் தொடாமல் மொட்டை மாடிக்குப் போனேன். நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். உன் அம்மா கட்டிய பாலித்தீன் குடிலுக்குள் நான் விதைத்து வைத்திருந்த நாற்றுக் குழித்தட்டுகளை யாழினி குனிந்து பார்த்தாள். எங்கள் பால்கனியிலும் தொட்டி வைக்கலாம் மாமா, வெயில் நன்றாக வரும் என்றாள். அன்றுதான் அவள் அங்கிள் என்பதை விட்டு மாமா என்றாள், அதை நான் கவனித்தேன். உங்கள் பால்கனியில் பிளாஸ்டிக் புல் அல்லவா முளைத்திருக்கிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அப்போது நீ என் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னாய்: "அம்மாவே சொன்னாங்கப்பா. ஹாஸ்பிடல்ல. அப்பாவைத் தனியா விட்டுடாதேன்னு."

நான் திரும்பவில்லை. தட்டில் ஒரு சுரை விதை அப்போதுதான் மண்ணைத் தூக்கிக்கொண்டு முதுகை வளைத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா போய் இது நாலாவது மார்கழி. அவள் இறந்த அன்று ஐசியூவுக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள், காலையில் ஒரு பத்து நிமிடம், மாலையில் ஒரு பத்து நிமிடம். இரண்டு தடவையும் உள்ளே போனவன் நீ. ஆக்ஸிஜன் மாஸ்க் போட்ட ஒருத்தி அந்த நேரத்துக்குள் எவ்வளவு பேச முடியும் என்று நான் யோசித்துப் பார்க்காத நாளில்லை. அன்றைக்கே அவளிடமிருந்து இரண்டு செய்திகளைக் கொண்டுவந்து கொடுத்தாய். இப்போது மூன்றாவது வந்திருக்கிறது. செத்துப்போன பிறகும் அவள் என்னிடம் பேச வேண்டுமென்றால் உன் வழியாகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

யாழினிக்கு இது புரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். எங்கள் இருவருக்கும் சண்டை வந்தால் பேச்சு நின்றுவிடும். இந்தக் காலனியில் தட்டை விட்டெறிகிற குடும்பங்கள் உண்டு, தெருவில் இறங்கித் தெலுங்கில் திட்டிக்கொண்டு சாயங்காலமே ஒரே ஸ்கூட்டரில் சினிமாவுக்குப் போகிற குடும்பங்களும் உண்டு. நாங்கள் படித்தவர்கள், வாயை மூடிக்கொண்டோம். ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம். ஆனால் வீடு நடக்க வேண்டுமே. கேஸ் தீர்ந்தது, தண்ணீர் லாரி வரவில்லை, பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று சொல்லியாக வேண்டியவை இருந்தன. அதற்கு நீ இருந்தாய். வீடு நீளமானது. முன்னறையில் நான், பின்பக்கம் சமையலறையில் அவள். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. அப்பாகிட்டச் சொல்லு என்று அங்கே ஆரம்பித்தது நடையெல்லாம் ஓடி என் முன்னால் வந்து நிற்கும். அம்மாகிட்டச் சொல்லு என்று இங்கிருந்து திரும்பிப் போகும். உனக்கு மூச்சு வாங்கும். நீ சொல்லும் வாக்கியங்கள் எப்போதும் சின்னதாகவும் சுத்தமாகவும் இருந்தன. பையனுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று நான் அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா உடுமலைப்பேட்டைக்காரி. கோயம்புத்தூரில் விவசாயம் படித்தவள். கோபத்திலும் 'ங்க' போடாமல் பேசமாட்டாள், அந்த 'ங்க'வில்தான் ஊசி இருக்கும். ஹைதராபாத்தைச் சுற்றி விதைக் கம்பெனிகள் நிறைய. மேட்சல் பக்கம் ஒன்றில் நாற்றுப் பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, எனக்குச் சொல்லாமலே நேர்முகத்துக்குப் போய், வேலையும் வாங்கிவிட்டாள். உனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அந்த வருடம்தான் பதவி உயர்வில் என்னை ஒதுக்கியிருந்தார்கள். எனக்குக் கீழே வேலை பழகியவன் எனக்கு மேலே போய் உட்கார்ந்தான். அவன் பெயரை இந்த வீட்டில் நான் சொன்னதில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். அந்தச் சமயத்தில் வீட்டுக்குள்ளும் ஒருத்தி எழுந்து போகிறாள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பேச்சு நின்றிருந்தது. உன்னைக் கூப்பிட்டேன். "அம்மாகிட்டச் சொல்லு. வேலையெல்லாம் வேண்டாம். ஒருத்தர் சம்பாதிச்சா போதும்." நீ ஓடினாய். வழக்கத்தை விடக் கொஞ்சம் நேரமாயிற்று. திரும்பி வந்து, அம்மா சரி என்றார்கள் என்றாய். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் அதை என் வெற்றி என்று எடுத்துக்கொண்டு அன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அவள் மொட்டை மாடியில் குடிலைக் கட்டினாள். நாச்சாரத்தில் பழைய இரும்புக்குப் பஞ்சமில்லை. மூடிப்போன ஏதோ தொழிற்சாலையின் அலமாரிச் சட்டங்களை வாங்கி, வெல்டரை வரவழைத்து, கூரை வைத்த கூண்டு மாதிரி ஒன்றை நிறுத்தினாள். மேலே தடித்த பாலித்தீன். கிழக்கிலும் மேற்கிலும் சுருட்டி ஏற்றுகிற திரை, அதை இறுக்கிப் பிடிக்கக் கிளிப்புகள். ஹீட்டர் கிடையாது, பல்பு கிடையாது. ஹைதராபாத் குளிர் ஒன்றும் பனி கொட்டுகிற குளிரில்லை. ஆனால் மார்கழி இரவில் சுரை விதையும் வெள்ளரி விதையும் மண்ணுக்குள்ளேயே முடங்கிக் கிடக்க அது போதும். தை கழிந்து விதைத்தால் முளைக்கும், ஆனால் காய்க்க வேண்டிய நேரத்தில் வெயில் வந்து பூவையெல்லாம் உதிர்த்துவிடும். அந்த இடைப்பட்ட ஒரு மாதத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளத்தான் குடில். எண்ணெய் டின்களுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, தண்ணீர் நிரப்பி, வடக்குப் பக்கம் வரிசையாக அடுக்கினாள். பகலெல்லாம் வெயில் பட்டுச் சூடேறும் தண்ணீர் இரவில் அந்தச் சூட்டை மெதுவாக விடும். விதைகளை ஈரத்துணியில் முடிந்து இன்வெர்ட்டர் மேல் வைப்பாள். அந்த வெதுவெதுப்பில் வாய் திறந்ததும் தட்டுக்கு மாற்றுவாள். நான் இன்ஜினீயர், எனக்கு இதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

விதிகள் சில இருந்தன. காலையில் வெயில் ஏறியதும் திரையைத் தூக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே எல்லாம் வெந்துவிடும். சாயங்காலம் வெயில் சாய்வதற்கு முன்பே இறக்கியாக வேண்டும், சாய்ந்த பிறகு இறக்கினால் குளிரைத்தான் உள்ளே அடைக்கிறோம். தண்ணீர் காலையில் மட்டும். விடிந்ததும் பாலித்தீனின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அது நாற்றின் மேல் சொட்டக்கூடாது என்று அவள் விரல் முட்டியால் கூரையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வருவாள், நீர் சரிந்து சுவரோரமாக இறங்கிவிடும். டொப், டொப் என்று அந்தச் சத்தம் கீழே என் அறைக்குக் கேட்கும். நான் ஷேவ் செய்துகொண்டிருப்பேன்.

இரண்டாவது வருடம் தக்காளி நாற்று போட்டிருந்தாள். பிள்ளை வளர்ப்பது போல என்று எழுதினால் நீ சிரிப்பாய், ஆனால் உன் வீட்டுப்பாடத்தை விட அவள் அதைத்தான் அதிகம் பார்த்தாள். அப்போதும் எங்களுக்குள் பேச்சில்லை, காரணம் நினைவில்லை. அவளுடைய தங்கைக்குப் பிரசவம் என்று சில நாட்கள் செகந்திராபாத்தில் தங்க வேண்டியிருந்தது. தினமும் உன்னிடம் போனில் பேசினாள், என்னிடம் இல்லை. நீ போனை வைத்துவிட்டு வந்து சொன்னாய், அம்மா செடியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு வாக்கியம் என்னை ஒரு வாரம் நல்லவனாக்கியது. அலுவலகத்திலிருந்து வந்ததும் பேன்ட் சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்குப் போய், தட்டு தட்டாகத் தண்ணீர் ஊற்றி, திரையை இறக்கிவிட்டு வருவேன். தினமும் சாயங்காலம். அவள் திரும்பி வந்த அன்று காலை மாடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன், பாராட்டை எதிர்பார்த்து. தட்டுகளில் நாற்றெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. இலை பச்சையாகவே இருந்தது, மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாகி அழுகியிருந்தது.

நீ ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாய். பல நாளுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தைகள் இவை.

"ஏனுங்க, சாயங்காலம் தண்ணி ஊத்தாதீங்கன்னு சொல்லி அனுப்புனனே. ஒருக்கா சொன்னா ஏறாதான்னு கேக்கச் சொன்னனே."

"பாத்துக்கச் சொன்னேன்னுதான் சொன்னான். நான் நல்லா பாத்துக்குவேன்னு நீ சொன்னியாம்."

"நானா? உங்களயா?"

இருவரும் உன்னைப் பார்த்தோம். நீ பைப்பைக் கீழே போட்டாய். "நீங்க கோவமா சொன்னீங்கம்மா. அப்படியே சொன்னா அப்பா சாப்பிடமாட்டாரு" என்றாய். அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகிப்போன நாற்றுகளுக்கு நடுவில் நின்று நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம், நீ எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். அந்தக் காலை அங்கேயே முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப என்ற வேலை விசயம்? இவன் பரீச்சை முடிஞ்சதும் போகலாம்னு நீங்க சொல்லியுட்டது நெசந்தானுங்களே?"

நான் அப்படிச் சொல்லவில்லை. அவள் உன் பரீட்சை முடியும்வரை காத்திருந்தாள், கம்பெனி காத்திருக்கவில்லை. அதைத் தன் தலையெழுத்து என்று அவள் நினைத்தாள். அவள் என் பேச்சைக் கேட்டாள் என்று நான் நினைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு வேறு வீடுகளில் இருந்திருக்கிறோம். வேண்டாம் என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை பஸ் ஏறியிருப்பாள். என்னை எதிர்க்கத் தெரிந்தவள் அவள், எதிர்க்க அவளுக்கு ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாய். எட்டு வயதுப் பையன் மேல் இவ்வளவு காலம் கோபம் வைத்திருப்பது சரியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்திருக்கிறேன். உன்னைத் தூது அனுப்பியவர்கள் நாங்கள்தான் என்று நீ சொல்லலாம். அதை அவள் அன்று மாடியிலேயே சொல்லிவிட்டாள், என்னைப் பார்த்து, ஒரே ஒரு பார்வையில்.

அதற்குப் பிறகு அவள் உன்னிடம் எதையும் சொல்லி அனுப்பவில்லை. தேவையானதை என்னிடம் நேராகவே சொன்னாள். தேவையானது குறைந்துகொண்டே வந்தது. குடில் மட்டும் நடந்தது. காலையில் திரையை அவள் ஏற்றுவாள், சாயங்காலம் நான் இறக்குவேன். யாரும் பேசி வைத்ததில்லை. அவள் ஏற்றியிருப்பதைப் பார்த்தால் வீட்டில்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் இறக்கியிருப்பதைப் பார்த்தால் நான் வந்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். நீ இன்ஜினீயரிங் முடித்து, அமீர்பேட் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, கச்சிபௌலியில் வேலைக்குச் சேர்ந்து, வீட்டுக்கு விருந்தாளியாக வந்துகொண்டிருந்த வருடங்களெல்லாம் இப்படித்தான் போயின. மற்ற வீடுகளில் வெயிலுக்கு முன் காய்க்காத சுரையும் பீர்க்கும் எங்கள் மாடியில் காய்த்தன. அவள் அக்கம்பக்கத்தில் கொடுப்பாள். மேடம் கை ராசி என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த மார்கழியில் அவளுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் பேச்சு நின்றிருந்தது. கீசர் ரிப்பேருக்கு யார் ஆளைக் கூப்பிடுவது என்பதுதான் சண்டை. காலையில் உள்ளே ஒருவர் போகலாம் என்றதும் நான் உன்னைப் போகச் சொன்னேன். என்னைப் பார்த்தால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஏதாவது சொல்லத் தொடங்குவாள், மூச்சு இன்னும் வாங்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் நான் போவதாக இருந்தது. நீ வெளியே வந்து, "அம்மா இன்னிக்குக் குளிர் ஜாஸ்தின்னாங்க. சீக்கிரம் மூடச் சொன்னாங்க. நீங்க வீட்டுக்குப் போங்கப்பா" என்றாய். அது முதல் செய்தி. நான் கிளம்பிவிட்டேன். இத்தனைக்கும் நடுவில் அவள் நாற்றை நினைத்துக்கொண்டிருக்கிறாள், என்னை நம்பி ஒரு வேலை சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு மெட்ரோவில் உட்கார்ந்திருக்கும்போது ஒருமாதிரி இருந்தது. வெயில் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போவதற்கு முன்பே மாடிக்குப் போய்விட்டேன். கிழக்குத் திரையை இறக்கி, மேற்குத் திரையின் கடைசிக் கிளிப்பைப் போடும்போது உன் போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது நீ நடையில் சுவரில் சாய்ந்து நின்றாய். சாயங்காலம் உள்ளே போனபோது அம்மா பேசியதாகச் சொன்னாய்: "அப்பா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க." அது இரண்டாவது.

அதற்குப் பிறகு நான் எப்படி இருக்கிறேன் என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது உள்ளபடி சொல்கிறேன். நாலு வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் வெயில் சாய்வதற்கு முன் நான் அந்தத் திரையை இறக்குகிறேன். முதல் இரண்டு மார்கழியில் நான் விதைக்கவே இல்லை, தட்டுகள் காலியாகக் கிடந்தன. அப்போதும் இறக்கினேன். மே மாதத்தில், குளிர் என்ற சொல்லே பொருளில்லாத நாட்களில், இறக்கினேன். இதற்காக அலுவலகத்திலிருந்து முன்னதாகவே கிளம்புகிறேன். ஓய்வு பெறப் போகிறவன் என்று இளைஞர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். உங்கள் நிச்சயதார்த்தத்தில் சாப்பாடு பரிமாறும் முன்பே தலைவலி என்று கிளம்பினேனே, எனக்குத் தலைவலி இல்லை. திருச்சியிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் அதை மனதில் வைத்துக்கொண்டிருப்பார்கள். வைத்துக்கொள்ளட்டும். நான் இங்கே வந்து திரையை இறக்கினேன்.

காலையில் நடப்பதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது மேலே கூரையைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் கிழக்குப் பக்கம் நீரெல்லாம் சரிந்து இறங்கியிருக்கும், மேற்குப் பக்கம் முத்து முத்தாக அப்படியே நிற்கும். கிழக்கில் வெயில் முதலில் படுகிறது, பாலித்தீன் சூடாகி விரிகிறது, அந்த அசைவில் நீர் சரிகிறது. இதை நான் யாருக்கும் விளக்க முடியும். ஆனால் மேகம் மூடிக் கிடந்து வெயிலே வராத காலைகளிலும் கிழக்குப் பக்கம் இறங்கியிருக்கிறது. அவளும் கிழக்கிலிருந்துதான் தட்ட ஆரம்பிப்பாள். நான் பயப்படவில்லை. முகத்தில் நுரையோடு ஏணிப்படியில் நின்று, சத்தம் மேற்குப் பக்கம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்ததில்லை. பாதியில் நின்றுவிடுகிறது, ஏதோ சொல்ல வந்து யாரோ இடைமறித்த மாதிரி. பிறகு நான் போய் மேற்குப் பக்கத்தைத் தட்டிவிட்டு வருகிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பா ஏதாவது அறிவுரை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தையின் கடைசியில் நாற்றை வெளியே எடுத்து நடுவதற்கு முன்னால், ஒரு வாரம் திரையை நன்றாகத் தூக்கிவிட்டு அதன் மேல் காற்றுப் பட விடவேண்டும். வாடும், தலை தொங்கும், பார்க்கப் பாவமாக இருக்கும். இரக்கப்பட்டு மூடினால் வெளியில் நட்ட முதல் நாளே செத்துவிடும். நீ யார் தலையும் தொங்கப் பொறுக்காதவன். உன் நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வது அதுதான், யாழினியும் அதைப் பார்த்துத்தான் உன்னை விரும்பியிருப்பாள். அவளிடம் அதைச் செய்யாதே. அவள் கோபமாகச் சொல்வதைக் கோபமாகவே கேள். உன் கோபத்தையும் அப்படியே சொல்லு, தெலுங்கில் வந்தால் தெலுங்கில் சொல்லு, உன் பள்ளிக்கூடத்து 'நக்கோ' இந்தியில் வந்தால் அதில் சொல்லு. உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து நடக்கப் பழகும்போது, அம்மாகிட்டச் சொல்லு என்று உன் வாய் ஆரம்பித்தால் எழுந்து நீயே போய்ச் சொல்லு.

இனி நான் கேட்க வந்தது. உன் இரண்டாவது செய்தி உன்னுடையது என்று எனக்கு அன்று நடையிலேயே தெரியும். அவளுக்கு என் மேல் வருத்தம் இருந்தது, இருந்திருக்க வேண்டும், அவள் ஒன்றும் தெய்வமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வந்த மூன்றாவதும் உன்னுடையதுதான், அது பில்டருக்காக வந்தது. இரண்டையும் நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை. நான் கேட்பது முதல் செய்தியை. சீக்கிரம் மூடச் சொன்னது அவள்தானா? அல்லது முந்தின நாளிலிருந்து சாப்பிடாமல் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவை எப்படியாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நீ செய்ததா? அவள் சொல்லியிருந்தால், அவள் அனுப்பித்தான் நான் போனேன், அவள் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் அவள் போனாள். அதோடு என்னால் இருக்க முடியும். நீ செய்ததென்றால், சாயங்காலம் அந்தப் பத்து நிமிடம் என்னுடையது, அதை நீ எடுத்துக்கொண்டாய்.

ஒன்று மட்டும் எனக்கு இடிக்கிறது. திட்டாமல் அவள் எனக்கு எதையும் சொல்லி அனுப்பியதில்லை. சீக்கிரம் மூடுங்க என்றால், போன வாரம் மாதிரி இருட்டுனப்புறம் போய் நிக்காதீங்க என்று கூடவே வரும். நீ கொண்டுவந்ததில் அந்தத் திட்டு இல்லை. அவள் திட்டவே இல்லையென்றால் அவள் சொல்லவே இல்லை. அவள் சொல்லியிருந்தால் திட்டியிருக்கிறாள், நீ அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாய். நாலு வருடமாக அது உன்னிடம் இருக்கிறது. அது என்னுடையது, கொண்டுவந்து கொடு. எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி, ஐசியூவில் கிடந்தவள் என்ன வார்த்தையில் சொன்னாளோ அதே வார்த்தையில். இல்லையென்றால் இல்லை என்று சொல்லு.

கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதே. இரண்டில் எதுவானாலும் போட்டுத் தருகிறேன், இந்த வீட்டை நான் பிடித்துவைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன். ஆனால் கேட்காமல் இந்த மாடியை இடிக்க விடமாட்டேன். சங்கராந்திக்கு முன்னால் ஒரு காலை வா. தனியாக வா, யாழினி கோபித்துக்கொள்ள மாட்டாள். போனில் வேண்டாம், அவளிடம் சொல்லியும் அனுப்பாதே. குடிலுக்குள் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, உன் வாயால் சொல்லு. நான் சாப்பிடுவேனா மாட்டேனா என்று யோசிக்காதே.

வெயில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மேலே போகிறேன். சுரை எல்லாம் முளைத்துவிட்டது, வெள்ளரி பாதிதான். மண் கொஞ்சம் காய்ந்திருக்கிறது. தண்ணீர் காலையில்தான் ஊற்றுவேன்.